யாருக்காகத் தெரு காத்திருக்கிறது? ஒரு பதிமூன்று வயதுப் பையனைப் பற்றிய நிகழ்வு ஆய்வு

பரிந்துரை

எட்டாம் வகுப்பு மாணவன், வயது 13. மதுரையில் வைகையின் வடகரையில், தறிச் சத்தம் இன்னும் முழுதாக ஓயாத ஒரு பகுதியில் வீடு. நடக்கும் தூரத்தில் அரசு உதவி பெறும் பள்ளி. அடையாளம் தெரியக்கூடாது என்பதால் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். பெயர் எதுவும் தரவில்லை, பையன் என்றே எழுதுகிறேன்.

பள்ளிகளுக்கு ஆலோசகராகச் சென்றுவரும் எனக்கு வகுப்பாசிரியை அனுப்பிய தாளில் எழுதியிருந்தது இவ்வளவுதான்: ஆறாம் வகுப்புச் சிறுவன் ஒருவனைக் கழிப்பறைச் சுவரோரம் நிறுத்தி மன்னிப்புக் கேட்க வைத்தான், அடிக்கவில்லை, இதற்கு முன்பும் செய்திருக்கிறான்.

அடிக்கவில்லை என்ற சொல்தான் என்னை யோசிக்க வைத்தது. இந்த வயதில் சண்டை என்றால் சட்டைப் பொத்தான் தெறிக்கும், மணியடித்ததும் மறந்துபோகும். இங்கே நடந்தது வேறு. சின்னவனின் பிடரியில் கையை மெதுவாக வைத்திருக்கிறான். குரலை உயர்த்தாமல், “தம்பி, நீ யாரிடம் பேசுகிறாய் என்று தெரிந்து பேச வேண்டும்” என்றிருக்கிறான். கையெடுத்துக் கும்பிடச் சொல்லியிருக்கிறான். கும்பிட்டு முடித்ததும் கன்னத்தில் தட்டிக்கொடுத்து, பையிலிருந்து ஒரு கடலை மிட்டாயை எடுத்துக் கொடுத்திருக்கிறான்.

மிட்டாய் வரைக்கும் ஒழுங்காக வரிசைப்படுத்தப்பட்ட இந்தக் காட்சியை ஒரு பதிமூன்று வயதுப் பையன் உட்கார்ந்து யோசித்து உருவாக்கியிருக்க முடியாது. முழுதாக எங்கோ பார்த்திருக்கிறான்.

வீடும் தெருவும்

அப்பா மாட்டுத்தாவணி காய்கறிச் சந்தையில் லோடுமேன். நள்ளிரவு தாண்டி லாரிகள் வந்து நிற்கும் நேரம்தான் அவருடைய வேலை நேரம். முன்பகலில் வீடு திரும்பி, குளித்து, சாப்பிட்டுப் படுத்தால், பையன் பள்ளி விட்டு வரும்போதும் தூக்கத்தில் இருப்பார். அம்மா காலையில் ஒரு மெஸ்ஸில் பாத்திரம் துலக்குகிறார், மாலையில் வாசலில் உட்கார்ந்து மல்லிகை கட்டுகிறார். அப்பத்தா உடன் இருக்கிறார். தங்கைக்கு ஐந்து வயது. வாரக் கடைசியில் அப்பா குடிப்பதுண்டு, ஆனால் வீட்டில் அடிதடி கிடையாது. இதை அப்பத்தாவிடமும் அம்மாவிடமும் தனித்தனியாகக் கேட்டு உறுதிசெய்துகொண்டேன்.

பையனிடம் நான் செய்த முதல் வேலை எளிமையானது. ஒரு தாளைக் கொடுத்து, போன வாரம் முழுதும் யார் யாரைப் பார்த்தாய், அவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று எழுதச் சொன்னேன். பெரிய பெயர் கொண்ட உளவியல் சோதனை எதுவும் இல்லை. தாளில் அப்பாவுக்கு நேரே ஒரே சொல் இருந்தது: தூங்கினார். அம்மாவுக்கு நேரே: பூக் கட்டினார். மீதித் தாளை நிரப்பியவர் தெருமுனை அண்ணன். அவர் எப்போது வந்தார், எந்தக் கடை பெஞ்சில் உட்கார்ந்தார், யார் எழுந்து நின்றார்கள், யாருக்கு டீ சொன்னார் என்பதெல்லாம் நிமிடக் கணக்கில் எழுதப்பட்டிருந்தது. ஒரு வரி: “பணம் தராத ஆளை அண்ணன் கழுத்தில் கை போட்டுப் பேசினார். அவர் கும்பிட்டார். அப்புறம் அண்ணன் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.”

கடலை மிட்டாய் எங்கிருந்து வந்தது என்பது தெரிந்துவிட்டது.

அந்த அண்ணன்மேல் வழக்கு இருக்கிறதா இல்லையா என்பது இந்த ஆய்வுக்கு வேண்டாத செய்தி. அவர் வட்டிக்குக் கொடுக்கிறார், தகராறுகளைப் பேசி முடிக்கிறார், சாவு வீட்டுக்கு முதல் ஆளாகப் போய் நிற்கிறார். கடைசியாகச் சொன்னதற்காகத் தெரு அவரை மெய்யாகவே மதிக்கிறது. இவற்றுக்கெல்லாம் மேலாக, அவருடைய முகம் ஃப்ளெக்ஸில் இருக்கிறது. மதுரையில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. காதணி விழா, பூப்புனித நீராட்டு விழா, கோவில் கொடை, கண்ணீர் அஞ்சலி என்று எது நடந்தாலும் ஆளுயரப் பேனர் எழும். நடுவில் பெரிய முகம். அடியில் வரிசை வரிசையாகத் தபால்தலை அளவில் சின்ன முகங்கள், பாதிப் பேருக்கு மீசை முளைத்திருக்காது. முந்தைய ஆண்டுத் திருவிழாப் பேனரில் கீழ்வரிசையில் பையனின் படமும் இருந்தது, இரவல் கறுப்புக் கண்ணாடியோடு. அம்மாவின் செல்போனில் அதைப் படமெடுத்து வைத்திருந்தான். கேட்ட உடனே காட்டினான். அந்தச் சந்திப்பு முழுவதிலும் அவன் சிரித்தது அப்போது மட்டும்தான்.

பெரியவர்கள் பேனரைப் பார்த்து முகம் சுளிப்பார்கள். எனக்கு அது ஓர் அழைப்பிதழாகத்தான் படுகிறது: இன்றைக்கு நீ கீழ்வரிசை, பத்து ஆண்டு எங்களோடு இருந்தால் நடுவுக்கு வரலாம். பள்ளியின் எந்தச் சுவரிலும் இவ்வளவு தெளிவான ஏணி வரையப்பட்டிருக்கவில்லை.

பார்த்துக் கற்பது எப்படி நடக்கிறது

இந்தத் துறையில் எல்லாரும் திரும்பத் திரும்பச் சொல்லும் சோதனை ஒன்று உண்டு. 1961-இல் உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூராவும் அவருடைய இரு சக ஆய்வாளர்களும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மழலையர் பள்ளியில் 72 குழந்தைகளைக் கொண்டு செய்தது. பெரியவர் ஒருவர் காற்றடைத்த பொம்மையைக் குத்துவதையும் சுத்தியலால் அடிப்பதையும் சில குழந்தைகள் பார்த்தார்கள். பிறகு வேறு அறையில் அதே பொம்மை முன்னால் விடப்பட்டபோது, பார்த்தவர்களில் பலர் அதே அடியை, அதே வசனத்தோடு திருப்பிச் செய்தார்கள். அமைதியாக விளையாடிய பெரியவரைப் பார்த்த குழந்தைகளிடம் அது மிகக் குறைவு. அந்தப் பொம்மை அடித்தால் எழுந்து நிற்பதற்கென்றே செய்யப்பட்டது, அதை அடிப்பது வன்முறையா விளையாட்டா என்ற கேள்வி பின்னால் வந்தது. நியாயமான கேள்விதான். ஆனாலும் குழந்தைகள் பொத்தாம்பொதுவான கோபத்தை எடுத்துக்கொள்ளவில்லை, குறிப்பிட்ட செய்கைகளை அப்படியே எடுத்துக்கொண்டார்கள் என்ற கண்டுபிடிப்பு நிற்கிறது. பிடரியில் வைத்த கை அந்த வகை.

இந்தப் பையனுக்கு அதைவிடப் பொருத்தமானது 1965-இல் பண்டூரா செய்த அடுத்த சோதனை. பொம்மையை அடித்தவருக்குத் தண்டனை கிடைத்ததைப் பார்த்த குழந்தைகள் குறைவாகவே அடித்தார்கள். ஆனால் பார்த்ததைச் செய்துகாட்டினால் பரிசு என்று அறிவித்ததும், தண்டனையைப் பார்த்தவர்களும் பாராட்டைப் பார்த்தவர்களும் ஏறக்குறைய ஒரே அளவுக்குச் செய்துகாட்டினார்கள். கற்பது வேறு, கற்றதை வெளிக்காட்டுவது வேறு. தண்டனை வெளிக்காட்டுவதைத்தான் நிறுத்தும். உள்ளே போனது உள்ளேயே இருக்கும்.

நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் பள்ளி மாணவன் வெட்டப்பட்ட பிறகு, ஓய்வுபெற்ற நீதியரசர் கே. சந்துரு தலைமையில் அரசு அமைத்த ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. மாணவர்கள் கையில் வண்ணக் கயிறு கட்டுவதையும், சாதி அடையாளம் கொண்ட மோதிரம், நெற்றிக் குறி ஆகியவற்றையும் தடை செய்ய வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. தடை வேண்டியதுதான், நான் எதிர்க்கவில்லை. ஆனால் கயிறு பள்ளி வாசலில் கழன்று சட்டைப்பைக்குள் போவதை வாரத்துக்கு வாரம் பார்க்கிறவர்களுக்கு 1965-ஆம் ஆண்டுச் சோதனை புதிதாக எதையும் சொல்லப்போவதில்லை.

பள்ளி செய்தவை

பள்ளி சும்மா இருந்துவிடவில்லை. பெற்றோரை வரவழைத்தார்கள், தலைவர்களைப் பற்றிய பேச்சுப் போட்டியில் பையனைச் சேர்த்தார்கள், வெளியூரிலிருந்து ஊக்கப் பேச்சாளர் ஒருவரை அழைத்துவந்தார்கள். பேச்சுப் போட்டியில் அப்துல் கலாமைப் பற்றி மனப்பாடம் செய்து ஒப்பித்து, இரண்டாம் பரிசும் வாங்கினான். கலாமிடம் உனக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டேன். “ராக்கெட்” என்றான். வேறு? “அவ்வளவுதான்.”

குற்றம் கலாமுடையது அல்ல. பெனலோப்பி லாக்வுட், ஜீவா குண்டா என்ற இரு உளவியலாளர்கள் 1997-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் தொட்டது. கணக்கியல் படிக்கும் மாணவர்களிடம் நான்காம் ஆண்டு மாணவர் ஒருவரின் பெருவெற்றியைப் பற்றிப் படிக்கக் கொடுத்தார்கள். எட்டிப் பிடிக்க இன்னும் காலம் இருந்த முதலாண்டு மாணவர்கள் உற்சாகம் கொண்டார்கள். தாங்களே நான்காம் ஆண்டில் இருந்தவர்களுக்கு அந்த உற்சாகம் வரவில்லை. உயரத்தைக் காட்டினால் போதாது, அங்கே போக எனக்கும் வழி இருக்கிறது என்று பார்ப்பவருக்குத் தோன்ற வேண்டும். ராமேஸ்வரத்திலிருந்து குடியரசுத் தலைவர் மாளிகை வரைக்கும் இடையிலே இருந்த படிகளை எந்தப் பேச்சுப் போட்டி சொல்கிறது?

உடற்கல்வி ஆசிரியர் மட்டும் சற்று நெருங்கி வந்தார். மதுரையை அடுத்த சக்கிமங்கலத்தைச் சேர்ந்த ரேவதி வீரமணி, டோக்கியோ ஒலிம்பிக்கில் கலப்புத் தொடர் ஓட்டத்தில் ஓடியவர். பெற்றோரை இழந்து, கூலி வேலை செய்த பாட்டியிடம் வளர்ந்தவர். பள்ளி நாளில் வெறுங்காலோடு ஓடியபோதுதான் பயிற்சியாளரின் கண்ணில் பட்டார். ஆசிரியர் டோக்கியோவை விட்டுவிட்டு வெறுங்காலைப் பற்றி அதிகம் பேசினார். பையன் கவனமாகக் கேட்டான், ஷூ யார் வாங்கிக் கொடுத்தார்கள் என்றும் கேட்டான். ஆனால் அவனுக்கு ஓட்டத்தில் நாட்டம் இல்லை. அது அங்கேயே நின்றுவிட்டது.

சந்தைக்குப் போன இரவு

அப்பாவுக்கு நேரே இருந்த ‘தூங்கினார்’ எனக்கு உறுத்தியது. அப்பா உழைப்பதை இந்தப் பையன் ஒருநாளும் கண்ணால் பார்த்ததில்லை. கவனத்தில் படாத ஒருவர் முன்மாதிரியாக முடியாது. பார்த்துக் கற்பதற்குப் பண்டூரா வகுத்த நான்கு படிகளில் முதல் படியே கவனிப்புதான். அப்பாவும் அம்மாவும் சம்மதித்த பிறகு, விடுமுறைக்கு முந்தைய இரவில் அப்பாவோடு சந்தைக்குப் போய்ப் பார்த்துவர ஏற்பாடானது. பார்க்க மட்டும். மூட்டையில் கை வைக்கக்கூடாது என்பதில் கண்டிப்பாக இருந்தேன். 14 வயது நிறையாதவரை வேலையில் அமர்த்துவதைச் சட்டம் தடுக்கிறது என்பது ஒரு காரணம், அவன் கவனம் சிதறிவிடும் என்பது இன்னொன்று.

திரும்பி வந்தவன் முன்பைவிடக் கோபமாக இருந்தான்.

அப்பா தூக்கிய மூட்டைகளின் கனத்தைப் பார்த்தான். எந்த லாரியில் எத்தனை இறங்கியது, யாருக்கு எவ்வளவு கூலி என்று தாளில்லாமல் அவர் கணக்குச் சொன்னதையும் பார்த்தான், வியந்தும் போனான். ஆனால் அவன் மனத்தில் தங்கியது வேறு. அப்பாவைவிடப் பல வயது இளைய கமிஷன் கடைக்காரர் ஒருவர் அவரை “டேய்” என்று கூப்பிட்டார். அப்பா ஓடினார். இதை என்னிடம் சொல்லும்போது பையன் மேசையைப் பார்த்துக்கொண்டே பேசினான். “அண்ணனை யாரும் அப்படிக் கூப்பிட மாட்டார்கள்.”

இந்த வாக்கியம் வந்த பிறகுதான் இந்தக் கோப்புக்கு ஓர் உருவம் கிடைத்தது. பையனுக்கு வன்முறையில் ருசி இல்லை, பணத்திலும் இல்லை. தெருமுனையில் அவன் நிமிடக் கணக்கில் குறித்து வைத்ததெல்லாம் யார் எழுந்து நின்றார்கள், யார் மரியாதையாகப் பேசினார்கள் என்பதைத்தான். முன்மாதிரிக்குக் கிடைக்கும் பலனைப் பார்த்துத்தான் பார்ப்பவர் பின்தொடர்கிறார். அண்ணனுக்குக் கிடைத்த பலன் மரியாதை. அதை அப்பாவுக்கு மறுத்தது அதே ஊர். இதில் பையனைத் திருத்துவதற்கு முன்னால் திருத்த வேண்டியவர்களின் பட்டியல் நீளமானது. அது என் கையில் இல்லை.

கேள்வியை மாற்றியபோது

அண்ணனை அவனிடமிருந்து பிடுங்கும் முயற்சியைக் கைவிடச் சொன்னேன். தலைமையாசிரியருக்கு இது பிடிக்கவில்லை, சில வாரம் வாக்குவாதம் நடந்தது. பையனிடம் இரண்டாவது தாளைக் கொடுத்து ஒரே கேள்வி கேட்டேன்: உன் தெருவில் யார் வருவதற்காக மற்றவர்கள் காத்திருப்பார்கள்?

முதல் பெயர் அண்ணன்தான். பிறகு நெடுநேரம் யோசித்து இன்னும் சிலரை எழுதினான். தடுப்பூசி போட வரும் சுகாதாரச் செவிலியர். மகளிர் குழுவின் கணக்கை எழுதும் அக்கா. வங்கிப் படிவம் என்றால் தெருவில் எல்லாரும் அவர் வீட்டுத் திண்ணைக்குத்தான் போவார்கள். இந்த ஊருக்கு அது புதிதில்லை. மதுரையை ஒட்டிய கிராமத்திலிருந்து களஞ்சியம் என்ற மகளிர் சேமிப்புக் குழுக்கள் வழியாக எழுந்துவந்த, எழுதப் படிக்கத் தெரியாத சின்னப்பிள்ளையின் காலை 2001-இல் விருது மேடையில் பிரதமர் வாஜ்பாய் தொட்டு வணங்கினார். கடைசியாக, வயரிங் வேலை பார்க்கும் இருபத்திரண்டு வயது இளைஞர் ஒருவர். கரண்ட் போனால் தெருவே அவரைத் தேடும். மாரியம்மன் கோவில் திருவிழாவுக்குச் சீரியல் லைட்டும் மைக் செட்டும் கட்டுவதும் அவர்தான்.

மூவரில் யாரை நெருங்கலாம் என்பதைப் பையனே முடிவுசெய்தான். மைக் செட் என்ற சொல்லுக்கு இருக்கும் வசீகரம் கொஞ்சநஞ்சமல்ல.

அந்த இளைஞர் அதே பள்ளியில் படித்தவர். பத்தாம் வகுப்பில் கணக்கில் தோற்று, துணைத் தேர்வு எழுதித் தேறி, கே.புதூர் அரசினர் தொழிற்பயிற்சி நிலையத்தில் இரண்டு ஆண்டு எலக்ட்ரீஷியன் பிரிவில் படித்தவர். நான் அவரிடம் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: அறிவுரை சொல்ல வேண்டாம், வேலை செய்யும்போது அவன் பக்கத்தில் நின்று பார்க்கட்டும், மின்சாரம் ஓடும் எதையும் அவன் தொடக்கூடாது. அவர் தாமாக ஒன்று செய்தார். தோற்ற மதிப்பெண் பட்டியலைத் தேடியெடுத்துப் பையனிடம் காட்டினார். கணக்கில் 21.

இதை நான் திட்டமிடவில்லை என்றாலும் இதன் பலம் எனக்கு வியப்பாக இல்லை. கல்வி உளவியலாளர் டேல் ஷங்க் 1980-களில் கணக்கில் திணறும் பள்ளிக் குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வுகள் இந்தத் திசையைத்தான் காட்டின. தம் வயதொத்த ஒருவர் கணக்குப் போடுவதைப் பார்த்த குழந்தைகளுக்கு, ஆசிரியர் போடுவதைப் பார்த்தவர்களைவிடத் தன்னம்பிக்கை கூடியது. முதலில் தடுமாறிப் பிறகு தேறும் ஒருவரைப் பார்ப்பதும், திணறும் குழந்தைகளுக்கு நன்றாகவே உதவியது. அவன் செய்கிறான் என்றால் நானும் செய்யலாம் என்ற எண்ணம் அந்த ‘அவன்’ நம்மைப் போலவே தெரிந்தால்தான் வரும். தோல்வியை ஒளித்துவைத்த முன்மாதிரிகளைத்தான் நாம் பிள்ளைகளுக்கு அதிகம் கொடுக்கிறோம்.

தலைமையாசிரியர் ஓர் எதிர்ப்பை வைத்தார்: டாக்டராகு, கலெக்டராகு என்று சொல்லவேண்டிய இடத்தில் ஒரு வயர்மேனைக் காட்டுகிறோமே, பையனின் கனவைச் சுருக்குகிறோமா? ஏழை வீட்டுப் பிள்ளைக்குக் கைத்தொழில், வசதியான வீட்டுப் பிள்ளைக்குக் கலெக்டர் என்று பிரித்தால் அது அநீதிதான். ஆனால் முன்மாதிரி என்பவர் போய்ச் சேரும் இடம் ஆகவேண்டியதில்லை. அடுத்த படியைக் காட்டினால் போதும், அதற்கடுத்த படியை வேறொருவர் காட்டலாம். அருகில் இருப்பவர் கனவைச் சுருக்குவதில்லை என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. மேற்கு வங்கத்தில் ஊராட்சித் தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட கிராமங்களை பொருளாதார அறிஞர் எஸ்தர் டூஃப்லோ உள்ளிட்ட ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2012-இல் வெளியிட்டார்கள். இரண்டு தேர்தல் சுற்றுகளில் பெண் தலைவரைக் கண்ட கிராமங்களில், வளரிளம் பருவத்தினரின் இலட்சியங்களில் ஆண் பெண் இடைவெளி 32 சதவீதம் குறைந்திருந்தது. தம் ஊர்ச் சேலையில் தம் ஊர்ச் சாலையைப் பற்றிப் பேசிய பெண்கள்தான் அந்தத் தலைவர்கள். ஒரு சுற்று மட்டும் கண்ட கிராமங்களில் இந்த அளவு மாற்றம் இல்லை. எங்கள் பையனுக்கும் சில மாதத்தில் எல்லாம் மாறிவிடும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஓர் ஆண்டில்

வருகைப்பதிவு ஒழுங்கானது. மன்னிப்புக் கேட்க வைக்கும் நாடகம் அந்தப் பருவத்துக்குப் பிறகு ஒருமுறைதான் நடந்தது. யாரோ அவன் அப்பாவின் தொழிலைச் சொல்லிக் கேலி செய்த அன்று பிடரியில் கையும் தாழ்ந்த குரலும் அப்படியே திரும்பி வந்தன, துளி மாறாமல். மிட்டாய் மட்டும் இல்லை. கற்றது அழிந்துவிடவில்லை என்று கோப்பில் எழுதிக்கொண்டேன். கேலி செய்த மாணவனையும் அழைத்துப் பேசச் சொன்னேன். முன்பெல்லாம் இவனை மட்டும்தான் அழைப்பார்கள்.

கணக்கில் பெரிய முன்னேற்றம் இல்லை. அறிவியலில் மின்சுற்றுப் பாடத்தில் மட்டும் வகுப்பிலேயே முதல் மதிப்பெண் எடுத்தான். பள்ளி ஆண்டு விழாவில் மைக் பழுதானபோது ஆசிரியர்கள் அவனைத் தேடினார்கள். அன்றைக்கு அவன் ஓடிவந்த வேகத்தை வகுப்பாசிரியை எனக்குச் செல்போனில் சொன்னார். உண்மையில் தளர்ந்திருந்த ஒரு பின்னை அழுத்தியதைத் தவிர அவன் எதுவும் செய்யவில்லை.

அப்பாவிடம் ஏற்பட்ட மாற்றம் சிறியது. மாலையில் ஒரு மணி நேரம் முன்னதாக எழுந்து, பையன் வரும்போது விழித்திருக்கிறார். கணக்குப் பாடத்தில் பெருக்கல் வந்தால் தாளில்லாமல் விடை சொல்லிக் காட்டுகிறார், பையன் கால்குலேட்டரில் சரிபார்க்கிறான். சந்தையில் அவரை இன்னும் “டேய்” என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

இந்த ஆண்டுத் திருவிழாப் பேனரிலும் பையன் கீழ்வரிசையில் இருக்கிறான். எடுத்துவிடச் சொல்லவா என்று அம்மா கேட்டார். வேண்டாம் என்றேன். தெருவில் வாழ்கிறவன் தெருவின் பேனரில் இருக்கத்தான் செய்வான். அந்த இளைஞர் வேலைக்காகத் திருப்பூர் போகும் யோசனையில் இருக்கிறார். அதற்குள் தொழிற்பயிற்சி நிலையத்தில் இப்போது படிக்கும் வேறொரு மாணவரைப் பையனுக்கு அறிமுகப்படுத்திவிட்டுப் போவதாகச் சொல்லியிருக்கிறார். பத்தாம் வகுப்பு முடியும்வரை பருவத்துக்கு ஒருமுறை நான் பையனைச் சந்திப்பதாக ஏற்பாடு.

இன்னொன்றையும் கோப்பில் சேர்த்திருக்கிறேன். ஐந்து வயதுத் தங்கை, பக்கத்து வீட்டுக் குழந்தை பொம்மையைத் தர மறுத்தபோது, அதன் பிடரியில் கை வைத்துத் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னாளாம். தெருமுனைப் பக்கம் அவள் போவதே இல்லை, தன் கூடப்பிறந்த அண்ணனிடம், இந்தப் பையனிடம் பார்த்ததுதான். சில மாதம் கழித்து வீட்டுக்குப் போனபோது ஒரு செல்லோடேப்பும் நூலும் வைத்துக்கொண்டு ஜன்னல் கம்பியில் சீரியல் லைட் கட்டிக்கொண்டிருந்தாள். ஜூனில் அவள் முதல் வகுப்பில் சேர்கிறாள். அவளுக்குத் தனிக் கோப்பு தொடங்கலாமா என்று ஆசிரியை கேட்டார். அண்ணன் கோப்பிலேயே ஒரு பக்கம் ஒதுக்கினால் போதும் என்றேன்.